டிரைவரின் தூக்கத்துக்கு முதலாளி பொறுப்பாவாரா?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் நடத்தும் ஒருவர் விரிவான கடிதம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

நிறுவனத்துக்குச் சொந்தமாகச் சரக்கு வண்டிகளும் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் வேன்களுமாகப் பதினொரு வண்டிகள் இருக்கின்றன. அவை போதாமல் ஒரு டிராவல்ஸ்காரரின் மூன்று வேன்களும் மாத ஒப்பந்தத்தில் ஓடுகின்றன. சென்ற மாதம் தூத்துக்குடியில் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய கம்பெனி லாரி, அதிகாலை நாலே முக்கால் மணிக்குத் திண்டுக்கல்லைத் தாண்டியதும், சாலையோரம் விளக்கில்லாமல் நின்றிருந்த இன்னொரு லாரியின் பின்புறத்தில் மோதிவிட்டது. டிரைவர் சிறு காயத்தோடு தப்பினார். இடப்பக்கம் உட்கார்ந்திருந்த லோடுமேனுக்கு வலது காலில் இரண்டு இடங்களில் எலும்பு முறிந்து, அவர் இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கிறார். காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகியிருக்கிறது; டிரைவரின் வாக்குமூலம் இனிமேல்தான் பெறப்பட வேண்டும்.

வாசகர் ஐந்து கேள்விகள் கேட்டிருக்கிறார். டிரைவரிடம் இலகுரக வாகன உரிமம் மட்டுமே இருப்பதால் இன்சூரன்ஸ் கிடைக்காது என்றும், 'ஹெவி' உரிமம் வைத்திருக்கும் வேறொரு டிரைவர் ஓட்டியதாகச் சொல்லிவிடலாம் என்றும் தெரிந்தவர் ஒருவர் கூறுகிறாரே, அப்படிச் செய்யலாமா? பழுதுபார்க்க ஆகும் 1,85,000 ரூபாயை டிரைவரின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு அவரை வேலையிலிருந்து நீக்கலாமா? வேலைக்குச் சேரும்போதே 'விபத்து நேர்ந்தால் முழுப் பொறுப்பும் என்னையே சாரும்' என்று எல்லா டிரைவர்களிடமும் 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வாங்கியிருப்பது கைகொடுக்காதா? ஒப்பந்த வேன்களுக்கு நேரும் விபத்துக்கு டிராவல்ஸ்காரர்தானே பொறுப்பு? எல்லா வண்டிகளிலும் ஜி.பி.எஸ்.ஸும் டிரைவரைப் பார்க்கும் கேமராவும் பொருத்தி, ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் அபராதம் போட்டால் இனி விபத்தே நடக்காமல் தடுக்க முடியுமா?

அன்புள்ள ஐயா,

விபத்து நடந்த நாளின் நேர விவரங்களை மறைக்காமல் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. உங்கள் ஐந்து கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே பதில் அந்த நேர விவரங்களில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஆனாலும் அவசரமானதை முதலில் பேசிவிடுவோம்.

ஆள் மாற்றும் யோசனை

தயவுசெய்து அந்த யோசனையை இன்றோடு கைவிடுங்கள். ஓட்டாதவரை ஓட்டியவராகக் காட்டுவது காவல் துறைக்குப் பொய்த் தகவல் கொடுப்பதும், உண்மைக் குற்றவாளியை மறைப்பதும், வழக்கு நடக்கும்போது பொய்ச் சாட்சி சொல்வதும் ஆகும். இவை ஒவ்வொன்றும் பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் தனித்தனிக் குற்றம். இப்போது உங்கள் டிரைவர் மீதிருப்பது கவனக்குறைவாக வண்டி ஓட்டிக் காயம் ஏற்படுத்திய வழக்கு. பெயரை மாற்றிய நொடியிலிருந்து நீங்களும், பெயர் கொடுக்க முன்வரும் அந்த இன்னொரு டிரைவரும், பொய் சொல்லும்படி கேட்கப்படும் லோடுமேனும் குற்றவாளிகளாகிறீர்கள். சுங்கச்சாவடிக் கேமரா, கைபேசி கோபுரப் பதிவு, மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு ஆகிய மூன்றில் ஒன்று போதும், பொய் வெளிப்பட்டுவிடும். அப்படி வெளிப்பட்டால் இன்சூரன்ஸ் நிறுவனம் மோசடியைக் காரணம் காட்டி முழுவதுமாகவே ஒதுங்கிக்கொள்ளும்.

இதில் எனக்கு மிகவும் வருத்தமளிப்பது, இவ்வளவு பெரிய தவறுக்கு உங்களைத் தூண்டும் அந்தப் பயத்துக்கே அடிப்படை இல்லை என்பதுதான். இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவுக்குள் அடங்கும் சரக்கு வாகனத்தையும் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு முகுந்த் தேவாங்கன் வழக்கில் தீர்ப்பளித்தது. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் அதை மறுபரிசீலனை செய்யக் கோரியதால் விவகாரம் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குச் சென்றது. அந்த அமர்வும் 2024 நவம்பர் 6 அன்று ரம்பா தேவி வழக்கில் அதே நிலையை உறுதிசெய்தது. உங்கள் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, மொத்த எடை என்ற இடத்தில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். சரக்கில்லாத எடையைப் பார்த்துக் குழம்பிவிட வேண்டாம். சரக்கோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடையே கணக்கு. நீங்கள் குறிப்பிட்டுள்ள 14 அடி வண்டி பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான் இருக்கும். அப்படியானால் டிரைவரின் உரிமம் செல்லும்.

ஒன்றை மட்டும் கூடவே சரிபாருங்கள்: விபத்து நடந்த நாளில் அவருடைய உரிமம் காலாவதியாகாமல் இருந்ததா? காலாவதிக்குப் பிறகும் 30 நாட்கள் செல்லும் என்ற சலுகை 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது. பல நிறுவனங்கள் இன்னமும் அந்தப் பழைய நினைப்பிலேயே இருக்கின்றன. ஒருவேளை உரிமத்தில் குறை இருந்தாலும் எல்லாம் கைவிட்டுப் போய்விடுவதில்லை. உரிமையாளர் உரிய அக்கறையோடு உரிமத்தைச் சரிபார்த்தே வண்டியைக் கொடுத்தாரா என்பதுதான் கேள்வி என்று 2004ஆம் ஆண்டு ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. அதனால்தான் உரிம நகலை வாங்கிக் கோப்பில் வைப்பதோடு நிறுத்தாமல், மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாஹன் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்து, பார்த்த தேதியோடு அச்செடுத்து வைக்கும்படி என் கட்சிக்காரர்களிடம் நான் வற்புறுத்துகிறேன். ஓர் இரவுக்கு மட்டும் அழைக்கும் 'ஆக்டிங் டிரைவர்' விஷயத்தில் இது இன்னும் முக்கியம். உரிமமில்லாதவரிடம் வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது.

இன்னொரு வேண்டுகோள்: கிரிமினல் வழக்கில் டிரைவருக்குத் தனி வழக்கறிஞரை அமர்த்துங்கள், செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். அவருடைய நலனும் கம்பெனியின் நலனும் இந்த வழக்கில் ஒன்றல்ல. இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் ஆஜரானால் யாராவது ஒருவருக்கு அநீதி நேரும், பெரும்பாலும் அது டிரைவருக்கே நேரும்.

இருபது ரூபாய்ப் பத்திரம்

இந்தப் பத்திரத்தைக் கொங்குப் பகுதியில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதும் பார்த்துவருகிறேன். அதை எழுதி வாங்கும் முதலாளிகள் கெட்ட எண்ணத்தில் செய்வதாக நான் நினைக்கவில்லை. யாரோ சொல்லிக் கொடுத்ததைச் செய்கிறார்கள். ஆனால் அதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பணியின்போது ஊழியரின் கவனக்குறைவால் மூன்றாம் நபருக்கு நேரும் பாதிப்புக்கு முதலாளி பொறுப்பு என்பது சட்டம் சுமத்திய கடமை. நீங்களும் டிரைவரும் உங்களுக்குள் எழுதிக்கொள்ளும் தாள், அந்தத் தாளில் கையெழுத்திடாத, அடிபட்டுக் கிடக்கும் ஒருவரின் உரிமையைப் பறிக்க முடியாது. இழப்பீட்டை முடிவு செய்யும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் அதை நீட்டினால் உங்களுக்கு எதிராகவே திரும்பும் அபாயமும் உண்டு. ஆபத்து இருப்பது இந்த நிறுவனத்துக்கு முன்பே தெரியும், தெரிந்தும் அதைக் குறைப்பதற்குப் பதிலாகத் தள்ளிவிடவே பார்த்தது என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்தப் பத்திரங்களை நம்பி எந்த முடிவையும் எடுக்காதீர்கள்.

அந்த ஒரு நாள்

இப்போது நீங்கள் எழுதிய நேர விவரங்களுக்கு வருகிறேன். உங்கள் டிரைவர் முந்தின நாள் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்திருக்கிறார். ஐந்து மணிக்கு முதல் ஷிப்டுத் தொழிலாளர்களுக்கான வேனை எடுத்து எட்டரை மணி வரை ஓட்டியிருக்கிறார். பகல் ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டிய துறைமுகச் சரக்கு பேக்கிங்கில் தாமதமாகி மாலை ஐந்து மணிக்குத்தான் ஏறியிருக்கிறது. அதுவரை அவர் யூனிட் வாசலிலேயே காத்திருந்திருக்கிறார். கப்பலுக்கான கட்-ஆஃப் நேரம் மாறாது என்பதால், முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தை ஒரே மூச்சில் ஓட்டி நள்ளிரவை நெருங்கும்போது தூத்துக்குடியைச் சேர்ந்திருக்கிறார். இறக்கி முடித்துப் பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பியிருக்கிறார், மறுநாள் காலை வேன் டிரிப்பும் அவருடையதுதான் என்பதால். மோதியபோது அவர் கண்விழித்து ஏறத்தாழ இருபத்தைந்து மணி நேரம் ஆகியிருந்தது.

'அவர் குடிக்கும் பழக்கமே இல்லாதவர், எப்படி இப்படிச் செய்தார் என்று புரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். 24 மணி நேரமானால் அது 0.10 சதவீதத்தின் அளவுக்குப் போகிறது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 சதவீதம். ஒரு சொட்டுகூடக் குடிக்காத உங்கள் டிரைவர், குடித்து ஓட்டி அகப்படுபவரின் நிலையில்தான் அன்று ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அதிலும் இரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை உடல் தானாகவே உறக்கத்தை நாடும் நேரம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, மூன்று விநாடி கண் அயர்வதற்குள் 66 மீட்டர் போய்விடும். நின்றிருந்த லாரிக்கு விளக்கு இல்லை என்பது உண்மை; அதன் உரிமையாளருக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் பொறுப்பில் பங்கு உண்டு, அதை வழக்கில் நிச்சயம் எழுப்ப வேண்டும். ஆனால் விழிப்போடு இருப்பவருக்கு ஹெட்லைட் வெளிச்சம் தரும் அந்தச் சில மீட்டர்களும் உங்கள் டிரைவருக்குக் கிடைக்கவில்லை.

என் கருத்தைத் தயக்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன். பேக்கிங் பிரிவில் தொலைந்த நான்கு மணி நேரத்தை உங்கள் நிறுவனம் டிரைவரின் உறக்கத்திலிருந்து எடுத்து ஈடுகட்டியது. நூல் தாமதம், டையிங் தாமதம், அயர்னிங் தாமதம் என்று முன்னால் நடக்கும் எல்லாத் தாமதங்களுக்கும் கடைசியில் விலை கொடுப்பவர் வண்டி ஓட்டுபவர்தான், ஏனென்றால் அவருக்குப் பின்னால் தள்ளிவிட வேறு யாரும் இல்லை. இது உங்கள் நிறுவனத்தில் மட்டும் நடப்பதல்ல. ஆனால் சட்டம் இதை ஏற்பதில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு ஒரு நாளில் எட்டு மணி நேரம், வாரத்தில் 48 மணி நேரம், இரண்டு நாள் வேலைகளுக்கு இடையே தொடர்ச்சியாக ஒன்பது மணி நேர ஓய்வு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளியின்றி வேலை கூடாது என்று 1961ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்திருந்தது. சொந்தச் சரக்கை ஏற்றும் நிறுவனங்களையும் அது விட்டுவைக்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்பதே அடிப்படை. அரைமணி நேரம் ஓட்டிவிட்டு நான்கு மணி நேரம் வாசலில் காத்திருந்தால் அது ஓய்வு ஆகாது. படுக்க இடமில்லாமல், எப்போது கூப்பிடுவார்களோ என்று விழித்திருப்பதும் வேலைதான்.

ஆகவே நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது டிரிப் ஷீட். காலை வேன் ஓட்டியவர் அன்று மாலைத் துறைமுகச் சரக்கை எடுக்கக் கூடாது. சரக்கு நான்கு மணிக்கு மேல் ஏறினால், இரண்டாவது டிரைவர் உடன் போக வேண்டும், அல்லது போகிறவர் தூத்துக்குடியிலேயே தங்கி உறங்கிவிட்டுப் பகலில் திரும்ப வேண்டும். ஓர் அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவை அந்த ஆர்டரின் போக்குவரத்துக் கணக்கில் சேருங்கள். இரண்டாவது டிரிப் அடித்தால் கூடுதல் பேட்டா என்று நீங்கள் வைத்திருக்கும் முறையையும் நிறுத்திவிட வேண்டும். விழித்திருப்பதற்குக் காசு கொடுத்துவிட்டு, ஏன் உறங்கவில்லை என்று பிறகு கேட்க முடியாது. டிரிப் கணக்கில் வந்த வருமானம் குறையாதபடி மாதச் சம்பளத்தை உயர்த்தினால்தான் இந்த மாற்றத்தை டிரைவர்கள் நம்புவார்கள்.

'எனக்குக் கண் சொக்குகிறது, வண்டி எடுக்க முடியாது' என்று ஒரு டிரைவர் சொன்னால், அதற்காக அவர் பேட்டாவையோ அடுத்த டிரிப்பையோ இழக்கக் கூடாது. இதை எழுதி, நீங்களே கையெழுத்திட்டு, டிரைவர்கள் கூடும் இடத்தில் ஒட்டுங்கள். முதன்முதலில் ஒருவர் அப்படிச் சொல்லும்போது நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதை மற்ற எல்லா டிரைவர்களும் கவனிப்பார்கள்.

சம்பளப் பிடித்தமும் வேலைநீக்கமும்

1,85,000 ரூபாயைச் சம்பளத்திலிருந்து வசூலிக்கும் எண்ணத்துக்குச் சட்டம் பல தடைகளை வைத்திருக்கிறது. ஊதியத் தொகுப்புச் சட்டப்படி, சேதத்துக்கான பிடித்தம் ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக விளைந்ததாக இருக்க வேண்டும். அவருக்கு விளக்கமளிக்க வாய்ப்புக் கொடுத்த பிறகே பிடிக்க வேண்டும். எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து அந்தக் காலத்துச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இருபத்தைந்து மணி நேரம் விழித்திருந்தவரின் கவனக்குறைவு அவருடையது மட்டும்தானா என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. சொந்த வண்டிச் சேதத்துக்கு முழுப் பாலிசி இருந்தால் அதன் வழியாகக் கோருங்கள்.

வேலைநீக்கத்தையும் நான் பரிந்துரைக்கவில்லை. விளக்கம் கேட்டு, முறையான விசாரணை நடத்தாமல் நீக்கினால் அது தொழில் தகராறாகும். அதைவிட முக்கியமாக, அவரை நீக்கிவிட்டு அதே டிரிப் ஷீட்டை இன்னொருவரிடம் கொடுத்தால் ஆபத்து அப்படியே இருக்கும், ஆள் மட்டுமே மாறியிருப்பார்.

ஒப்பந்த வேன்கள்

'அது டிராவல்ஸ்காரர் பாடு' என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதோடு விஷயம் முடிந்துவிடாது. எந்த நேரத்துக்கு, எந்த வழியில், யாரை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று கட்டளையிடுபவர் யார் என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம் வாடகைக்கு எடுத்து ஓட்டிய பேருந்து விபத்துக்குள்ளானபோது, டிரைவர் கழகத்தின் கட்டுப்பாட்டில் இயங்கியதால் கழகமே பொறுப்பு என்று 1997ஆம் ஆண்டு கைலாஷ் நாத் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் வேன்களின் நேரத்தை உங்கள் மனிதவளப் பிரிவு முடிவு செய்கிறது. டிரைவருக்குப் போன் செய்து விரட்டுவதும் உங்கள் சூப்பர்வைசர்தான்.

அவற்றில் ஒரு வேன் ஒயிட் போர்டில், அதாவது சொந்த உபயோக வண்டிக்கான வெள்ளை எண் பலகையோடு ஓடுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை நாளைக் காலையிலேயே நிறுத்துங்கள். வாடகைக்கு ஆளேற்ற அனுமதியில்லாத வண்டியை அந்த வேலைக்குப் பயன்படுத்துவது குற்றம் மட்டுமல்ல, பாலிசியின் அடிப்படை நிபந்தனையையே மீறுவதும் ஆகும். பெர்மிட் இல்லாத வாகனம் தொடர்பாக 2018ஆம் ஆண்டு அம்ரித் பால் சிங் வழக்கில், இன்சூரன்ஸ் நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலித்துக்கொள்ளலாம் என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது.

அப்படி வசூலிக்கப்படும் தொகை எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் பாருங்கள். மாதம் 18,000 ரூபாய் வாங்கும் 30 வயதுத் தொழிலாளி ஒருவர் இறந்துவிட்டார். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் ஆகிய நால்வர் அவரை நம்பியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலையான பணி இல்லாதவராகக் கொண்டாலும் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்த்தால் 25,200, சொந்தச் செலவுக்காகக் கால் பங்கைக் கழித்தால் 18,900, ஆண்டுக்கு 2,26,800, ஆண்டுத் தொகையை எத்தனையால் பெருக்குவது என்று அந்த வயதுக்கு நீதிமன்றங்கள் கொள்ளும் பெருக்கெண் 17. மொத்தம் 38,55,600 ரூபாய். ஈமச் செலவு, துணையிழப்பு, வட்டி எல்லாம் இதற்கு மேல். ஒரு வேனில் எத்தனை பேர் உட்கார்ந்து வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

டிராவல்ஸ்காரரோடு போடும் ஒப்பந்தத்தில் எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், டிரைவர் உரிமம் ஆகியவற்றின் காலாவதித் தேதிகள் ஒவ்வொரு மாதமும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்றும், ஓட்டுநரின் பணி நேரத்துக்கு உங்கள் சொந்த டிரைவர்களுக்கான வரம்பே பொருந்தும் என்றும் எழுதுங்கள். மிகக் குறைந்த விலை சொன்னவர் என்பதற்காக மட்டும் ஒருவருக்கு ஒப்பந்தத்தைக் கொடுக்காதீர்கள்.

கேமராவும் ஜி.பி.எஸ்.ஸும்

பொருத்துங்கள், நான் தடுக்க மாட்டேன். ஆனால் எச்சரிக்கைக்கு ஒரு அபராதம் என்ற திட்டத்தைக் கைவிடுங்கள். ஊதியத் தொகுப்புச் சட்டம் அபராதத்துக்கு விதித்திருக்கும் வரம்புகள் ஒருபுறம் இருக்க, அபராதம் வந்தால் கேமராவில் துணி தொங்கும். டிரைவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விடும். எதைப் பதிவு செய்கிறோம், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்போம் என்பதைத் தமிழில் எழுதி ஒவ்வொருவரிடமும் கொடுத்து விளக்குங்கள். வேலை முடிந்த பிறகு பதிவு நின்றுவிட வேண்டும். ஊழியர்களின் தனிப்பட்ட தரவைக் கையாளுவதற்கு 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பல பொறுப்புகளை விதித்திருக்கிறது.

இன்னொரு விளைவையும் முதலாளிகள் யோசிப்பதில்லை. அந்தப் பதிவுகளை நாளை நீதிமன்றம் வரவழைக்கும். ஒரு வண்டி மாதக்கணக்கில் இரவு இரண்டு மணிக்கு மேல் ஓடியதும், எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருந்ததும், நீங்கள் எதுவும் செய்யாததும் அதில் தெளிவாகத் தெரியும். கருவி வாங்கினால், அது சொல்வதை வாரம் ஒருமுறை உட்கார்ந்து படிக்கும் ஆளையும் நியமியுங்கள். முதல் மாதம் அவர் டிரைவர்களின் தவறுகளைத் தேட வேண்டாம். எந்த டிரிப்பை அந்த நேரத்துக்குள் பாதுகாப்பாக முடிக்கவே முடியாது என்பதைத் தேடட்டும். ஓடும் வண்டிக்குப் போன் செய்து 'எங்கே வருகிறாய்' என்று கேட்பதை உங்கள் அலுவலகம் அன்றே நிறுத்திவிடலாம், அதைத்தான் ஜி.பி.எஸ். சொல்லிவிடுகிறதே.

கருவிகளைவிட மலிவானதும் பயன் அதிகம் தருவதும் வண்டி எடுக்கும் முன் செய்யும் பத்து நிமிடச் சோதனை. டயரின் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் ரப்பர் மேடு, 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி; பள்ளங்களுக்குள் அந்த உயரத்தில் சிறு மேடுகள் வார்க்கப்பட்டிருக்கும், பட்டன் அவற்றின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போன பழைய டயரை இது காட்டிக்கொடுத்துவிடும். தேய்ந்த மேற்பரப்பின் மேல் புது ரப்பர் ஒட்டி ரீட்ரேட் செய்த டயரை முன்சக்கரத்தில் போட விடாதீர்கள். பின்புற விளக்குகளும் ரிப்ளெக்டர் ஸ்டிக்கரும் சேறு படியாமல் இருக்கின்றனவா என்று தினமும் பாருங்கள். உங்கள் வண்டி மோதியது அப்படித் தெரியாமல் நின்ற ஒரு லாரியில்தான். பழுது என்று டிரைவர் எழுதிய வண்டி, அதைச் சரிசெய்தவர் கையெழுத்திடும் வரை வாசலைத் தாண்டக் கூடாது. நாற்பது வயதைக் கடந்த டிரைவர்களுக்கு ஆண்டுதோறும் கண் பரிசோதனை செய்ய ஏற்பாடு செய்யுங்கள். கண்ணாடி தேவைப்பட்டால் அதையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள். பார்வை குறைந்ததைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து மறைப்பவர்கள் பலர்.

2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. எண்ணிக்கையில் நாட்டிலேயே நம் மாநிலம்தான் முதலிடம். 17,884 பேர் இறந்தார்கள். வேலைக்குப் போகும் வழியிலும் வேலையாகப் போன வழியிலும் இறந்தவர்களின் வீடுகளிலிருந்து வருபவர்களை என் அலுவலகத்தில் வாரந்தோறும் சந்திக்கிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

லோடுமேனைப் பற்றி

உங்கள் கடிதத்தில் அவருக்கு ஒரே வரிதான் கிடைத்திருக்கிறது: 'அவர் பெயர் ஈ.எஸ்.ஐ.யில் இல்லை, தினக்கூலி.' தினக்கூலி என்பதால் ஈ.எஸ்.ஐ. பொருந்தாது என்பது தவறான எண்ணம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரம்புக்குள் இருந்தால் முதல் நாளிலிருந்தே அவரைப் பதிவு செய்திருக்க வேண்டும். இப்போது பின்தேதியிட்டு ஆவணங்களைத் தயாரிக்க யாராவது முன்வந்தால் மறுத்துவிடுங்கள். அவர் உண்மையில் வேலைக்குச் சேர்ந்த தேதியை ஒளிக்காமல் சொல்லி, நிலுவைச் சந்தாவையும் வட்டியையும் கட்டுங்கள். ஈ.எஸ்.ஐ. கழகம் அவருக்கு உதவித்தொகை கொடுத்துவிட்டு உங்களிடமிருந்து அதை வசூலிக்கலாம். அந்தச் செலவை ஏற்கத்தான் வேண்டும். பதிவே இல்லாத நிலையில் அவர் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அல்லது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் கீழ் தொழிலாளர் இழப்பீடு கோரும் வழியை நாடலாம். இரண்டில் ஒன்றை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். தீர்ப்பாயத்தை நாடினால் விளக்கில்லாமல் நின்ற லாரியின் இன்சூரன்ஸ் நிறுவனத்தையும் அவர் சேர்த்துக்கொள்ள முடியும். இந்த உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக மருத்துவமனையில் வைத்து அவரிடம் எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்காதீர்கள். மருத்துவச் செலவையும் அவர் வீட்டுக்கு வர வேண்டிய கூலியையும் நிபந்தனையின்றிக் கொடுத்துவாருங்கள். ரசீதுகளை வைத்துக்கொண்டால் போதும்.

இந்த வாரத்துக்குள் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். ஆர்.சி., எஃப்.சி., பெர்மிட், பாலிசி, டிரைவரின் உரிமம், முதல் தகவல் அறிக்கை, அன்றைய டிரிப் ஷீட், சுங்கச்சாவடிப் பதிவுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். டிரிப் ஷீட்டில் உள்ள நேரங்களைத் திருத்த வேண்டாம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் விபத்தைத் தெரிவித்திருக்காவிட்டால் இன்றே தெரிவியுங்கள். தீர்ப்பாயத்திலிருந்து அறிவிப்பு வந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல் உங்கள் தரப்பிலும் ஆஜராகுங்கள். நீங்கள் வராவிட்டால் வழக்கு ஒருதலைப்பட்சமாக நடந்து, உரிமத்தைச் சரிபார்த்தே வண்டியைக் கொடுத்தீர்கள் என்பதை எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.